காரின் முதுகில் ஒரு கண்

காரைப் பின்னோக்கி ஓட்டும்போது ஓட்டுநர் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதையும், கண்ணாடிகளை மாறி மாறி நோக்குவதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். அப்படிப் பார்த்தும் அவர் கண்ணில் படாத இடம் ஒன்று காரின் பின்னால் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? நம் வீட்டு வாசலிலேயே பெரும் விபத்து நேர்ந்துவிடும் அல்லவா?

இதைத் தடுக்க உதவுவதே பின்நோக்குக் காமிரா. பல புதிய கார்களில் இது தொழிற்சாலையிலேயே பொருத்தப்படுகிறது. பழைய காரில் நாமே பொருத்த முடியுமா? முடியும். வடிவொத்த முக்கோணம், பக்க இணைப்பு, ஆடியின் இடவல மாற்றம் ஆகிய மூன்று பாடங்கள் தெரிந்திருந்தால் போதும்.

மறைந்திருக்கும் இடம் எவ்வளவு?

ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்திலும், பின் சன்னலின் அடி விளிம்பு 100 செ.மீ. உயரத்திலும் இருக்கட்டும். இரண்டுக்கும் இடையே 200 செ.மீ. தூரம். சன்னல் காரின் கடைக்கோடியிலேயே இருப்பதாகக் கொள்வோம்.

கண்ணிலிருந்து சன்னலின் அடி விளிம்பைத் தொட்டுச் செல்லும் நேர்கோடு ஒன்றை வரையுங்கள். அது 200 செ.மீ. செல்வதற்குள் 20 செ.மீ. தாழ்கிறது. அதாவது 10 செ.மீ.க்கு 1 செ.மீ. அக்கோடு தரையைத் தொட இன்னும் 100 செ.மீ. தாழ வேண்டும். ஆகவே காருக்குப் பின்னால் 1000 செ.மீ., அதாவது 10 மீட்டர் வரை உள்ள தரை ஓட்டுநருக்குத் தெரியாது!

ஒரு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 75 செ.மீ. கோடு 100-லிருந்து 75 செ.மீ.க்குத் தாழ்வதற்கு 250 செ.மீ. தூரம் வேண்டும். எனவே காரின் பின்னால் இரண்டரை மீட்டருக்குள் நிற்கும் குழந்தையின் உச்சந்தலைகூடச் சன்னல் வழியே தெரியாது. உட்கார்ந்திருந்தால் மறைவு இன்னும் நீளும்.

இந்தக் குறையைப் போக்க வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. 1956-இல் அமெரிக்காவில் காட்சிக்கு வைக்கப்பட்ட பியூக் செஞ்சுரியன் என்னும் மாதிரிக் காரில், பின்புறம் பார்ப்பதற்குத் தொலைக்காட்சிக் காமிரா வைத்திருந்தார்கள். 2018 மே முதல் அமெரிக்காவில் 4,500 கிலோகிராமுக்கு உட்பட்ட புதிய வண்டிகள் அனைத்திலும், பின்னால் 3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் கொண்ட பரப்பு ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும் என்பது சட்டம். நம் நாட்டில் 2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில், பின்னால் உள்ள தடையை ஒலியெழுப்பி உணர்த்தும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்திய கார்கள் பலவற்றில் இரண்டுமே இல்லை.

மின்சாரம் எங்கிருந்து?

காமிரா, சிறு திரை, இரண்டையும் இணைக்கும் கம்பி ஆகிய மூன்றும் கார் உதிரிப் பாகக் கடைகளில் கிடைக்கும். 12 வோல்ட்டில் இயங்குபவையாகப் பார்த்து வாங்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14 வோல்ட் வரை உயரும். அதையும் அவை தாங்க வேண்டும்.

ரிவர்ஸ் கியர் போட்டவுடன் காமிரா தானே இயங்க வேண்டும். அதற்குத் தனி சுவிட்ச் தேவையில்லை. கியர் பெட்டியிலேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது. ரிவர்ஸ் கியர் விழுந்ததும் அது மூடிக்கொண்டு, பின்னால் உள்ள வெள்ளை விளக்கை எரியச் செய்கிறது. அந்த விளக்குக்குச் செல்லும் நேர்மின் கம்பியிலிருந்து காமிராவுக்கும் திரைக்கும் மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம். இதுவே பக்க இணைப்பு. தொடரிணைப்பாகக் கொடுத்தால் மின்னழுத்தம் பங்கிடப்பட்டு, காமிரா சரியாக இயங்காது.

பழைய கார்களில் அந்த விளக்கு பெரும்பாலும் 21 வாட். அது எடுக்கும் மின்னோட்டம் 21 ÷ 12 = 1.75 ஆம்பியர். காமிராவும் திரையும் சேர்ந்து 4 வாட் எடுத்தால், 4 ÷ 12 = 0.33 ஆம்பியர்தான். ஆகவே இந்தக் கிளையில் 1 ஆம்பியர் பியூஸ் ஒன்றைப் போட்டால் போதும். எங்கேனும் கம்பிகள் ஒட்டிக்கொண்டால் பியூஸ் உருகித் தீ விபத்தைத் தடுக்கும். எதிர்மின் கம்பிக்குக் காரின் உலோக உடலே போதுமானது.

வேலையைத் தொடங்கும் முன் சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றிவிட வேண்டும். தகட்டின் துளை வழியே கம்பி செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் செருகுங்கள். இல்லையேல் தகட்டின் கூர்மை கம்பியின் உறையை அறுத்துவிடும். இவற்றையெல்லாம் பெரியவர் ஒருவரோ மெக்கானிக்கோ உடனிருக்கும்போதுதான் செய்ய வேண்டும். விளக்குகளைக் கணினி கண்காணிக்கும் புதிய வகைக் கார்களில் இப்படிக் கிளை எடுக்கக் கூடாது.

இடம் எது, வலம் எது?

இனிதான் முக்கியமான கட்டம். ஓட்டுநர் முன்னோக்கி அமர்ந்திருக்கிறார். காமிராவோ பின்னோக்கிப் பார்க்கிறது. இருவர் முதுகோடு முதுகு ஒட்டி நின்றால், ஒருவருடைய வலக்கைப் பக்கம் மற்றவருக்கு இடக்கைப் பக்கம். ஆகவே காரின் வலப்புறம் நிற்கும் குழந்தை, சாதாரணக் காமிராவின் படத்தில் இடப்புறம் தெரியும். அதைப் பார்த்து ஓட்டுநர் வண்டியை வலப்புறம் ஒடித்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது!

கண்ணாடியில் இந்தத் தொல்லை இல்லை. வலப்புறம் உள்ளது வலப்புறமே தெரிகிறது. எழுத்துகள் மட்டும் இடவலம் மாறித் தெரிகின்றன. எனவே காமிராவின் படத்தையும் கண்ணாடிப் படம் போலத் திருப்ப வேண்டும். இத்தகைய காமிராக்கள் பலவற்றில் இதற்கென்றே ஒரு சிறு கம்பி வளையமோ திருகு அமைப்போ இருக்கும். எதைச் செய்ய வேண்டும் என்பதை உடன் வரும் குறிப்புத் தாளில் காணலாம்.

சரியாக அமைந்துவிட்டதா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஓர் அட்டையில் 'கடல்' என்று எழுதிக் காமிராவின் முன் பிடியுங்கள். திரையில் எழுத்துகள் நேராகத் தெரிந்தால் அமைப்பு தவறு. இடவலம் மாறித் தெரிந்தால்தான் சரி!

தூரத்தை அளப்போம்

காமிராவில் அகன்ற பரப்பைக் காட்டும் லென்சு இருப்பதால், பொருள்கள் உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். இதையும் சரிக்கட்டலாம். நிறுத்தி வைத்த காரின் பின் பம்பரிலிருந்து அரை மீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர் தூரங்களில் தரையில் சாக்பீசால் கோடுகள் போடுங்கள். எஞ்சினை ஓட்டாமல், பெரியவரைக் கொண்டு சாவியைத் திருப்பி ரிவர்ஸ் கியர் போடச் சொல்லுங்கள். திரையில் அக்கோடுகள் தெரியும் இடங்களில் மெல்லிய வண்ண நாடாக்களை ஒட்டிவிடுங்கள். அவையே அளவுகோல். காமிராவின் சாய்வு மாறினால் அளவுகளும் மாறும். எனவே அதை இறுக முடுக்கிய பிறகே நாடா ஒட்ட வேண்டும்.

லென்சில் சேறு படிந்தால் காமிரா குருடாகிவிடும். மழைத்துளி நின்றாலும் படம் கலங்கும். பக்கவாட்டிலிருந்து ஓடி வரும் குழந்தை, படத்துக்குள் வரும்வரை திரையில் தெரியாது. எனவே காமிரா பொருத்திய பிறகும், வண்டியில் ஏறுமுன் ஒரு முறை அதைச் சுற்றி வந்து பார்க்கும் பழக்கத்தை விடக் கூடாது என்று வீட்டாரிடம் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்: நின்றுகொண்டிருக்கும் கார் ஒன்றில் கண்ணின் உயரம், பின் சன்னல் விளிம்பின் உயரம், இடைத்தூரம் ஆகியவற்றை அளந்து, உங்கள் தம்பியோ தங்கையோ எத்தனை மீட்டர் வரை மறைந்திருப்பார் எனக் கணக்கிடுங்கள். விடையை அந்தக் காரின் ஓட்டுநரிடம் காட்டுங்கள்.