வயிற்று டியூபும் வாய்ச் சுத்தமும்

தொண்டைப் புற்றுநோயால் விழுங்க முடியாதவருக்கு, வயிற்றில் சிறு துளையிட்டு டியூப் வழியாக உணவு கொடுப்பார்கள். எண்டோஸ்கோப் உதவியுடன் இதை முதன்முதலில் செய்தது 1979-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், ஒரு கைக்குழந்தைக்கு!

டியூபைப் பெரும்பாலும் வாய் வழியாகத்தான் வயிற்றுக்கு இழுக்கிறார்கள். வாயிலுள்ள கிருமியும் கூடவே வந்து துளையில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் முன்கூட்டியே ஒரு ஆன்டிபயாடிக் ஊசி. "வாயால சாப்பிடலையே, பல்லு எதுக்கு விளக்கணும்?" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அது தப்பு.

வெளியே டியூபைப் பிடித்திருக்கும் வட்டத் தகட்டை, ஒர்க்‌ஷாப்பில் நட்டு முடுக்குகிற மாதிரி இறுக்கக் கூடாது. தோலுக்கு ரத்தம் போகாமல் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். கொஞ்சம் இடைவெளி வேண்டும். புண் ஆறிய பிறகும் தினமும் சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஈரமில்லாமல் வைக்கணும்.

துளையைச் சுற்றிச் சிவந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. கீமோ எடுப்பவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது அவருக்கு ஆகாது.