மூடாத கணக்கு... மூடாத கண்கள்!

'சித்த வைத்தியர் பேங்க் கணக்கைப் பத்தி எழுதறாரே, பக்கம் மாறிப் போச்சா?' என்று சந்தேகப்பட வேண்டாம். இதுவும் உடம்பைப் பற்றிய பாடம்தான்.

வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் ஊர்களில் வைத்தியம் பார்ப்பவர்களுக்குச் சில தொல்லைகள் பழக்கமானவை. கையில் அரிப்பு, மூச்சிரைப்பு, நாள் முழுக்கக் குனிந்து ஷூ தைப்பதால் கழுத்து வலி, இடுப்பு வலி. இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "ராத்திரி தூக்கமே இல்ல டாக்டர். நெஞ்சு படபடன்னு அடிக்குது. சோறு இறங்கல" என்பார்கள். நாடி பார்த்து, மெதுவாக விசாரித்தால் கைப்பையிலிருந்து ஒரு நோட்டீஸோ, செல்போனில் ஒரு மெஸேஜோ வெளியே வரும். எப்போதோ விட்டுவிட்ட பேங்க் கணக்கில் பாக்கி! முடிந்துபோனதாக நினைத்த லோனில் நிலுவை!

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. உடம்பில் இயற்கையாக எழும் பதினான்கு உந்துதல்களை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் வரும் என்பது அதன் சாரம். அந்தப் பட்டியலில் பசி, தூக்கம், கண்ணீர் மூன்றும் இருக்கின்றன. கடன் பயம் பிடித்தவர்கள் இந்த மூன்றையும்தான் அடக்குகிறார்கள். சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, வீட்டில் யாரிடமும் சொல்லி அழுவதும் இல்லை. பிறகு வயிற்றுப் புண்ணும் ரத்தக் கொதிப்பும் வராமல் என்ன செய்யும்? இதற்கு நான் சூரணம் கொடுத்து என்ன பயன்? நோயின் மூலத்தைப் பார்க்க வேண்டாமா?

விட்டது வேறு, மூடியது வேறு

மூலம் பெரும்பாலும் இதுதான். ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்குப் போகிறோம். புது இடத்தில் வேறு பேங்கில் சம்பளக் கணக்கு தொடங்குகிறார்கள். பழைய கணக்கில் முப்பதோ நாற்பதோ ரூபாய் கிடக்கிறது. 'அதுல என்ன இருக்கு' என்று மறந்துவிடுகிறோம். ஆனால் நாம் விட்டாலும் கணக்கு நம்மை விடுவதில்லை. எழுதிக் கொடுத்து மூடாதவரை அது உயிரோடுதான் இருக்கும்.

சம்பளம் வருவது சில மாதம் நின்றால், பல பேங்குகளில் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும். மினிமம் பேலன்ஸ் உள்ள பேங்க் என்றால் அபராதம் ஏறும். ஏ.டி.எம். கார்டுக்கு வருடக் கட்டணம் தனி.

அதைவிடப் பெரிய ஆபத்து, பழைய கணக்கோடு கட்டிவைத்த மாதத் தவணை. ஃபிரிட்ஜுக்கோ வண்டிக்கோ தவணை அந்தக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தால், பணம் இல்லாமல் அது திரும்பும். திரும்பும் ஒவ்வொரு முறையும் பேங்க் ஒரு கட்டணம் போடும், கடன் கொடுத்த கம்பெனி ஒரு அபராதம் போடும். மெஸேஜ் எல்லாம் நாம் மாற்றிவிட்ட பழைய செல் நம்பருக்குப் போய்க்கொண்டிருக்கும்!

பேங்கே பெயர் மாறிப்போனதும் உண்டு. 2020 ஏப்ரல் 1-ல் அலகாபாத் பேங்க் இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் பேங்க் கனரா வங்கியோடும் இணைந்தன. அதே வருடம் நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்தது. அந்தப் பழைய பாஸ்புக் உங்கள் பெட்டியில் இருந்தால், கணக்கு புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு குழப்பம் ஊரடங்கு காலத்தில் வந்தது. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வேலை இல்லாமல் வீட்டில் முடங்கியிருந்த பலர், தள்ளிவைப்பைத் தள்ளுபடி என்றே நினைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடியது.

'சிபில்ல பேர் கெட்டுப்போச்சு!'

இந்தப் பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் நம் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கின்றன. அவற்றில் பதிவாவது கடனும் கிரெடிட் கார்டும்தான். வெறும் சேமிப்புக் கணக்கு அதில் வராது. அதனால் மினிமம் பேலன்ஸ் குறைந்தது என்பதற்காக மட்டும் உங்கள் பெயர் கெட்டுவிடாது. தவணை தவறினால் வரும். கார்டு பாக்கி இருந்தால் வரும். மகளிர் வாங்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடனும் வரும். நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும்கூட வரும்!

அந்த அறிக்கையை நீங்களே வாங்கிப் பார்க்கலாம். நான்கு நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். 'குளோஸ்டு' என்றிருந்தால் கடன் முழுதாக அடைந்தது. 'செட்டில்டு' என்றிருந்தால் பேரம் பேசிக் குறைத்துக் கட்டியது. இரண்டும் ஒன்றல்ல. பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது இந்த வித்தியாசம் உறைக்கும்.

கட்டுவதற்கு முன் நாலு கேள்வி

நாங்கள் மருந்து கொடுப்பதற்கு முன்னால் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வு செய்வோம். நீங்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்டால் போதும். கேட்பது யார்? எந்தக் கணக்கு, எந்தக் கடன்? அசல் எவ்வளவு? அபராதமும் கட்டணமும் எவ்வளவு? போனில் சொன்னால் போதாது, எழுத்தில் ஸ்டேட்மென்ட் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

ஸ்டேட்மென்ட் கைக்கு வந்ததும் இவற்றைச் சரிபாருங்கள்:

1. மினிமம் பேலன்ஸ் அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. 2015 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதி இது.

2. இரண்டு வருடத்துக்கு மேல் நீங்கள் தொடாத, 'இயக்கமற்ற கணக்கு' என்று வகைப்படுத்தப்பட்ட கணக்கில், மினிமம் பேலன்ஸ் அபராதமே போடக் கூடாது. இது 2024 ஏப்ரல் முதல்.

3. கடன் தவணை தவறியதற்குப் போட்ட அபராதத்தின் மேல் வட்டி ஏற்றக் கூடாது. இதுவும் 2024-ல் நடைமுறைக்கு வந்தது.

4. பாக்கி இல்லாத கிரெடிட் கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

தப்பு தெரிந்தால் கிளை மேனேஜருக்கு இரண்டு பிரதியில் கடிதம் எழுதுங்கள். ஒன்றில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448 என்ற எண். கடன் அறிக்கையில் பிழை இருந்து, புகார் கொடுத்து முப்பது நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு.

பார்த்த பிறகு கடன் நிஜம் என்றே தெரிந்தால்? ஓடி ஒளிய வேண்டாம். நேரில் போய், 'அபராதத்தைக் குறைங்க, அசலை இத்தனை தவணையில கட்டறேன்' என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். கட்டி முடித்ததும் 'பாக்கி இல்லை' சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். பழைய கணக்கை மூடும்போதும் அப்படித்தான். முதலில் தவணையைப் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். பிறகு கார்டு, செக் புக்கைத் திருப்பிக் கொடுத்து, மூடியதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள்.

பத்தியம்

மருந்தைவிடப் பத்தியம் முக்கியம் அல்லவா?

* ஒரு போன் வந்ததும் பயந்துபோய், வாரவட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள். இல்லாத கடனுக்காக இருக்கிற நகையை அடகு வைப்பது, வராத காய்ச்சலுக்குப் பட்டினி கிடப்பது மாதிரி. நான் இவ்வளவு எழுதுவதே இந்த ஒன்றுக்காகத்தான்.

* வசூல் ஆளின் சொந்த நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். கடன் கணக்கில் மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள். ஓ.டி.பி. கேட்டால் போனை வையுங்கள். ஏமாந்திருந்தால் உடனே 1930-க்குச் சொல்லுங்கள்.

* காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக போன் செய்யக் கூடாது. திட்டவோ மிரட்டவோ கூடாது. மீறினால் தேதி, நேரம் குறித்து வைத்துப் புகார் செய்யுங்கள்.

* 'கணக்கை மூடிட்டா செக் கேஸ் வராது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்கு மூடப்பட்டதால் செக் திரும்பினாலும் வழக்கு வரும் என்று 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

* செலவைக் குறைக்கிறேன் என்று பி.பி., சுகர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது.

தூக்கத்துக்கு என்ன வழி?

இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடியுங்கள். இட்லியோ, கஞ்சியோ, எளிதாக இருக்கட்டும். சாயங்காலத்துக்குப் பிறகு டீ வேண்டாம். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வெந்நீரில் கால் கழுவி, உள்ளங்காலில் கொஞ்சம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள். கடன் கணக்கு பார்ப்பதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் அந்தக் காகிதமும் செல்போனும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். கண்ணீரும் அடக்கக் கூடாத வேகம்தான் என்று முன்பே படித்தோம். 'செத்துடலாம்' என்ற நினைப்பு ஒருமுறை வந்தால்கூட, அந்த நிமிடமே 104-க்கோ 14416-க்கோ போன் செய்யுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள். வீட்டில் யாராவது திடீரென்று சாப்பாட்டைக் குறைத்து, போன் அடித்தாலே திடுக்கிட்டால், 'என்னாச்சு, சொல்லு' என்று நீங்களே முதலில் கேளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து பழைய பாஸ்புக்குகளை எல்லாம் வெளியே எடுங்கள். எது தேவை, எது தேவையில்லை என்று குடும்பமாக உட்கார்ந்து பிரியுங்கள். தேவையில்லாததைத் திங்கட்கிழமை போய் எழுதிக் கொடுத்து மூடிவிட்டு வாருங்கள்.