சிறு பிளவும் பெருங்கேடும்

சேத்தியாத்தோப்பைச் சூழ்ந்த ஊர்களில் உழவுத்தொழில் புரிவோர் வீராணம் ஏரிக்கரையின் அருமையை நன்கறிவர். ஐப்பசி மழை தொடங்குமுன் கரையில் நண்டு வளையும் எலி வளையும் உளவோ என ஆராய்ந்து அடைத்தல் ஏரி காப்போர் கடமையாகும். வளை மிகச் சிறிது. அதன் வழியே கசியும் நீரோ கரையையே உடைத்துவிடும். கணினிகளிலும் இத்தகைய வளைகள் உண்டு. அவற்றுள் ஒன்று 2017ஆம் ஆண்டில் உலகினையே கலங்கச் செய்தது. அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஓர் அலுவலகத்தில் ஒரு கணினியிலுள்ள கோப்பினை மற்றொரு கணினியில் இருந்தவாறே படிக்கவும் எழுதவும் இயலும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் இயங்குதளத்தில் இப்பணியை 'எஸ்.எம்.பி.' என்னும் நெறிமுறைப்படி ஓர் இயக்கி நிரல் செய்து வருகிறது. அது இயங்குதளத்தின் உட்கருவில் இருந்து தொழிற்படுவது. ஆதலின் அதனைக் கைப்பற்றியவன் கணினி முழுவதையும் கைப்பற்றியவன் ஆவான்.

வெளியிலிருந்து செய்தி வரும்பொழுது, இவ்வியக்கி அதன் அளவைக் கணக்கிட்டு நினைவகத்தில் இடம் ஒதுக்கும். பின்னர்ச் செய்தியை அவ்விடத்தில் பெயர்த்து வைக்கும். நெல்லின் அளவறிந்து குதிர் அமைத்தல் போன்றது இது. ஒருவகைச் செய்தியின் அளவு 32 பிட்டுகள் கொண்ட எண்ணாகக் குறிக்கப்பட்டிருந்தது. அதனைத் திருத்துங்கால் இயக்கி கீழ்ப்பாதியாகிய 16 பிட்டுகளை மட்டுமே திருத்தியது. மேற்பாதி பழையபடியே நின்றது.

கணக்கர் ஒருவர் ஏட்டில் 10,250 மரக்கால் என்றிருந்ததை 9,980 எனத் திருத்த முற்பட்டு, இறுதி மூன்று இலக்கங்களை மட்டும் மாற்றினார் எனக் கொள்வோம். ஏட்டில் 10,980 என்றன்றோ நிற்கும்? குறைய வேண்டிய அளவு கூடிவிட்டது. குதிரோ 9,980 மரக்காலுக்கே அமைந்தது. ஏட்டை நம்பிக் கொட்டினால் மிகுந்த 1,000 மரக்கால் நெல் அடுத்தவர் குதிரில் சென்று விழும். கணினியில் அவ்வாறு வழிவது நெல்லன்று. பகைவன் சூழ்ச்சியாக அனுப்பிய கட்டளையாகும். அது அடுத்த இடத்திலிருந்த தரவுகளை அழித்துத் தான் ஆட்சி செலுத்தத் தொடங்கும்.

இப்பிழையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2017 மார்ச்சு 14ஆம் நாள் வெளியிட்டது. அடுத்த மாதம், இப்பிளவின் வழியே நுழையவல்ல 'எட்டர்னல்புளூ' என்னும் தாக்கு நிரலை ஒரு குழுவினர் யாவரும் பெறுமாறு வெளியிட்டனர். மே 12ஆம் நாள் அதனைக் கொண்டு 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் பரவியது. அது கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்கு 300 டாலர் கப்பம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட கணினிகள் இதற்கு இரையாயின. இங்கிலாந்தில் 236 அரசு மருத்துவ அமைப்புகளுள் 81 இடர்ப்பட்டன. பிணியாளர் பலர் மருத்துவரைக் காணாது திரும்பினர். நம் நாட்டில் ஆந்திரக் காவல் துறையின் கணினிகள் சிலவும் தாக்கப்பட்டன.

திருத்தம் வெளிவந்து 59 நாள்கள் கழிந்தபின் நேர்ந்த கேடு இது! மருந்து கைவசம் இருந்தும் பலர் அதனை உண்டிலர். பணி தடைப்படுமோ என அஞ்சினோர் சிலர். நாளை பார்ப்போம் என்றிருந்தோர் பலர். ஜூன் 27ஆம் நாள் இதே பிளவையும் ஒரு வழியாகக் கொண்டு மற்றொரு தீநிரல் பரவியது. அப்பொழுது நவி மும்பையில் உள்ள ஜவாகர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையத்தில் சரக்குகளைக் கையாளும் பணி தடைப்பட்டது.

இத்தகைய பிளவினின்று காத்துக்கொள்ளும் வழிகள் நான்கு. திருத்தம் வந்தவுடன் அதனைச் சில கணினிகளில் ஆய்ந்து, பின்னர் யாவற்றிலும் காலந்தாழ்த்தாது ஏற்றுதல் முதலாவது. எஸ்.எம்.பி.யின் பழைய முதற்பதிப்பு வேண்டாவிடின் அதனை நிறுத்திவிடுதல் இரண்டாவது. அது பயன்படுத்தும் 445ஆம் எண் வாயிலை வெளியுலகிற்கு அடைத்து வைத்தல் மூன்றாவது. கோப்புகளின் படிகளை வலைப்பின்னலோடு இணையாத தனியிடத்தில் பேணுதல் நான்காவது.

நிரல் இயற்றுவோர் மாந்தரே. ஆதலின் பிழை நேர்தல் இயல்பு. இயற்றியவர் பிழையைத் திருத்தித் தந்த பின்னர், அதனை ஏற்றுப் பயன்கொள்ளுதல் பயன்படுத்துவோர் பொறுப்பு. ஒருவர் சோம்பினால் அவர்தம் கணினி மட்டும் கெடுவதன்று. அதன் வழியே அண்டையிலுள்ள கணினிகளும் கெடும். மாணவர்களே, உங்கள் பொறுப்பில் ஒரு கணினி வருங்கால், அதனைக் காத்தல் பிறரைக் காத்தலும் ஆகும் என்பதை நெஞ்சிற் கொள்ளுங்கள்.