ஈசி அவுட் என்னும் மூடநம்பிக்கை

சைலன்சர் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே ஒடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் போதும், சுற்றி நிற்பவர்களில் ஒருவர் தவறாமல் "ஈசி அவுட் போட்டா வந்துடுமே" என்பார். யூடியூபிலும் இதே பாட்டுதான். சுத்தமான மேசை, புத்தம்புதிய போல்ட், நடுவில் ஒரு துளை. ஒடிந்த போல்ட்டை எடுப்பதற்கான ஈசி அவுட் கருவியை அதில் இறக்கி இடப்பக்கம் திருகியதும், வெண்ணெயில் செருகிய குச்சி மாதிரி போல்ட் கழன்று வருகிறது. வராமல் என்ன செய்யும்? அதில்தான் துருவே இல்லையே!

வண்டியில் நடப்பது வேறு. பைக் எஞ்சினில் அதிகம் ஒடிவது எம்6 அளவு. மரையை விட்டுவிட்டுப் பார்த்தால் அதன் தண்டு சுமார் 5 மி.மீ.தான். அதற்குள் 3 மி.மீ. துளை போட்டு ஈசி அவுட்டை இறக்குகிறார்கள். முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் கனமடியைப் பொறுத்தது. ஒரே எஃகு என்று வைத்துக்கொண்டால், 3 மி.மீ. தண்டுக்கு 5 மி.மீ. தண்டின் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். ஈசி அவுட்டின் எஃகு கடினமானது என்பது சரி. ஆனால் அந்தக் கடினமே அதைச் சட்டென்று முறியவும் வைக்கிறது. தடித்த போல்ட்டே தாங்காமல் ஒடிந்த இடத்தில் ஒல்லிக் கருவி மட்டும் எப்படி ஜெயிக்கும்? போதாக்குறைக்கு, கூம்பு வடிவக் கருவி இறங்க இறங்க, துளையிட்ட போல்ட்டின் சுவரை வெளியே தள்ளி மரையை இன்னும் இறுக்கிவிடும்.

கருவியும் உள்ளே முறிந்தால் தொலைந்தது. சாதாரண டிரில் பிட் அதில் இறங்காது. கார்பைடு பிட்டைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் ஹெட்டைக் கழற்றிக்கொண்டு ஸ்பார்க் எரோஷன் மெஷின் இருக்கும் டூல் ரூமுக்கு ஓட வேண்டும்.

தலை மட்டும் துண்டாகி, மரை பிடித்துக்கொள்ளாத போல்ட்டுக்கு ஈசி அவுட் உதவும். அதை இடப்பக்கம் சுழலும் டிரில் பிட்டே பெரும்பாலும் வெளியே கொண்டுவந்துவிடும் என்பது வேறு விஷயம். துருப் பிடித்த ஸ்டட்டுக்கு வழி, ஒடிந்த முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடிப்பது. பற்றவைப்பு அலுமினியத்தில் ஒட்டாது. அந்தச் சூடே துருவின் பிடியையும் விடுவிக்கும். பேட்டரி வயரை முதலில் கழற்றிவிட வேண்டும்.

சூடு காட்டினால் போல்ட் விரிந்து இறுகும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும், துளைதான் அகலமாகும். டபிள்யூடி-40 அடித்த மறுநிமிடமே ஸ்பேனரைப் பிடிப்பவர்களும் உண்டு. 1953-இல் அமெரிக்காவின் சான் டியகோவில் அது உருவானது ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக. இறுகிய போல்ட்டுக்கென்று அதே நிறுவனம் தனி எண்ணெயே விற்கிறது. எதை ஊற்றினாலும் ஓர் இரவாவது ஊற விட வேண்டும். எல்லா மரையும் இடப்பக்கம் திருப்பினால் கழலும் என்பவர்கள், யமஹா பைக்குகள் பலவற்றின் வலதுபக்கக் கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கட்டும்.

இத்தனை பாடும் எதனால்? பாதி, துருவால். மீதி, போன சர்வீசில் எவரோ காட்டிய கைவலிமையால். எம்6 போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவுதான் அது. நீளக் கைப்பிடி டி-ஸ்பேனரில் அதைத் தாண்டுவது யாருக்கும் தெரிவதில்லை. அடுத்த சர்வீசுக்கு வண்டியை விடும்போது "டார்க் ரெஞ்ச் வச்சிருக்கீங்களா?" என்று கேளுங்கள். சிரித்தால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போங்கள்.