பாதை நீண்டால் போதுமா?

செல்வி என்று ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். அவள் வீடு ஒரு புறநகரில், நெடுஞ்சாலையிலிருந்து 4 கி.மீ. உள்ளே தள்ளி இருக்கிறது. பள்ளியோ நகருக்குள். கிளைச் சாலையில் 4 கி.மீ., நெடுஞ்சாலையில் 12 கி.மீ., ஆக 16 கி.மீ. பஸ் ஓடும் நேரம் 45 நிமிடம். ஆனால் ஒன்பது மணிப் பள்ளிக்கு அவள் ஏழரை மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். மீதி 45 நிமிடம் எங்கே போகிறது?

நிறுத்தத்துக்கு நடக்க 10 நிமிடம். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததற்கு 20 நிமிடம். வழியில் நெரிசல் ஏற்பட்டால் என்ன செய்வது என்று 15 நிமிடம். கணக்குச் சரியாகிவிட்டது அல்லவா? பஸ் ஓடும் நேரம் மட்டுமே பயண நேரம் ஆகாது. நடை, காத்திருத்தல், ஓட்டம், வண்டி மாறுதல் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் பயண நேரம்.

நகரத்தின் பஸ்களையும் ரயில்களையும் புறநகருக்கு நீட்டும்போது இந்த நான்கையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

வட்டம் சொல்லும் கணக்கு

சென்னையின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே கடல், ஆகவே நகரம் ஏறக்குறைய ஓர் அரைவட்டமாகத்தான் வளர முடியும். நகர மையத்திலிருந்து மூன்று முக்கியப் புறநகர் ரயில் பாதைகள் விரிகின்றன: வடக்கே கும்மிடிப்பூண்டி, மேற்கே அரக்கோணம், தென்மேற்கே செங்கல்பட்டு.

மையத்திலிருந்து 5 கி.மீ. ஆரத்தில் அரைவட்டக் கோட்டின் நீளம் என்ன? 3.14 × 5 = 15.7 கி.மீ. மூன்று பாதைகளுக்கும் பங்கிட்டால் ஒரு பாதைக்கு 5 கி.மீ. சொச்சம். 20 கி.மீ. ஆரத்தில்? 62.8 கி.மீ.; ஒரு பாதைக்கு 21 கி.மீ.! குடையை விரித்துப் பாருங்கள். காம்பருகே நெருங்கியிருக்கும் கம்பிகள் விளிம்பில் எவ்வளவு விலகிவிடுகின்றன! ரயில் பாதைகளும் அப்படித்தான். ஒருவர் நிலையத்துக்கு ஒரு கி.மீ. நடப்பார், பத்து கி.மீ. நடப்பாரா? கம்பிகளுக்கு இடையே உள்ள துணியாக இருக்க வேண்டியது பஸ்.

1931-ல் வந்த மின்ரயில்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மீட்டர் கேஜ் பாதையில் 1931-ஆம் ஆண்டு மின்ரயில் ஓடத் தொடங்கியது. தூரம் சுமார் 29 கி.மீ. இன்று இதில் 18 நிலையங்கள் உள்ளன. அதாவது சராசரியாக 1.7 கி.மீ.க்கு ஒரு நிலையம். ரயில் நிற்பதும் கிளம்புவதுமாகவே போக வேண்டும்.

இதற்கு நீராவி எஞ்சினைவிட மின்ரயில் ஏன் ஏற்றது? நீராவி எஞ்சின் வண்டியில் இழுப்பவை எஞ்சினின் சக்கரங்கள் மட்டுமே. மின்ரயிலிலோ பல பெட்டிகளின் அடியில் மோட்டார்கள் உள்ளன. பல சக்கரங்கள் ஒரே நேரத்தில் தண்டவாளத்தைப் பற்றி உந்துகின்றன. அதனால் விரைவாக வேகம் பிடிக்கிறது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் 17 வினாடி மிச்சமாகிறது என்று வைத்துக்கொண்டால், 17 முறை கிளம்பும் வண்டிக்கு 289 வினாடி, ஏறத்தாழ 5 நிமிடம் மிச்சம். கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலையும் இல்லை. இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. வண்டி சட்டெனத் திரும்புவதால் அதே வண்டிகளைக் கொண்டு அதிக நடைகள் விடலாம்.

பன்னிரண்டு பஸ்கள்

இனி செல்வியின் ஊருக்குத் திரும்புவோம். நெடுஞ்சாலையில் மணிக்கு 12 பஸ்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. நல்ல வசதிதான். ஆனால் அவை நான்கு ஊர்களுக்குப் பிரிந்து போகின்றன. ஓர் ஊருக்கு மணிக்கு மூன்று. அதாவது 20 நிமிடத்துக்கு ஒன்று. கிளை கூடக் கூட, கிளைக்கு வரும் பஸ் குறைகிறது.

இப்போது நெடுஞ்சாலையை ஒட்டி ரயில் வருகிறது, 10 நிமிடத்துக்கு ஒன்று வீதம். பஸ்களை என்ன செய்யலாம்? வேண்டாம் என்று நிறுத்திவிடலாமா? கூடாது. செல்வியின் ஊர் பஸ் போக 16, வர 16, ஆக ஒரு நடைக்கு 32 கி.மீ. ஓடியது. இனி அது ரயில் நிலையம்வரை வந்து திரும்பினால் போதும். போக 4, வர 4, ஆக 8 கி.மீ. ஒரு நடை ஓடிய நேரத்தில் நான்கு நடை! அதே பஸ்கள், அதே ஓட்டுநர்கள். ஆனால் 20 நிமிடத்துக்கு ஒன்று என்பது 5 நிமிடத்துக்கு ஒன்றாகிறது. முனையில் நிற்கும் நேரத்தைக் கழித்தாலும் பெரும் லாபமே.

செல்விக்கு என்ன கிடைக்கும்? நடை 10, பஸ்ஸுக்கு அதிகம் போனால் 5, பஸ் ஓட்டம் 12, வண்டி மாற 3, ரயிலுக்கு அதிகம் போனால் 10, ரயில் ஓட்டம் 20. மொத்தம் 60 நிமிடம். காலையில் மட்டும் அரை மணி மிச்சம். 200 பள்ளி நாட்களில் 100 மணி நேரம்! படிக்கலாம், விளையாடலாம், ஏன், தூங்கவும் செய்யலாம்.

ஒரு கண்ணி அறுந்தால்

பஸ்களைக் கூட்டாமல் 20 நிமிடத்துக்கு ஒன்றாகவே விட்டு, பஸ் நிறுத்தத்தையும் நிலையத்திலிருந்து தள்ளி வைத்து, மாறுவதற்கு 15 நிமிடம் ஆகும்படி செய்தால்? 10 + 20 + 12 + 15 + 10 + 20 = 87. பழைய 90 நிமிடமே ஏறக்குறைய திரும்பி வந்துவிட்டது! கோடி கோடியாகச் செலவிட்ட ரயிலின் பயன் சில நூறு மீட்டரில் கரைந்துவிட்டது.

இது வெறும் கற்பனை அன்று. சென்னையின் பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம்வரையிலும், 2007-ல் வேளச்சேரிவரையிலும் வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு 5 கி.மீ. நீட்டித் தாம்பரம் பாதையோடு இணைப்பது திட்டம். ஆனால் சிறிது தூரத்துக்கு நிலம் எடுப்பதில் ஏற்பட்ட சிக்கலால் பத்தாண்டுகளுக்கு மேல் அந்த இணைப்பு தடைப்பட்டு நின்றது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. அருகிலேயே ரயில் பாதை சென்றாலும், ரயில் நின்று செல்ல அப்போது அங்கே நிலையம் இல்லை.

பஸ், புறநகர் ரயில், மெட்ரோ ஆகியவற்றை ஒருசேரத் திட்டமிட, சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-ல் இயற்றப்பட்டது. மூன்றுக்கும் ஒரே கைப்பேசிச் செயலியில் டிக்கெட் எடுக்கும் வசதி 2025-ல் வந்தது. பாதையை நீட்டுவது பாதி வேலை, இணைப்பது மறுபாதி.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் ஊர் நிறுத்தத்தில் காலை ஒரு மணி நேரம், ஒரே தடத்தில் வரும் பஸ்களின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த பஸ்களுக்கு இடையே எத்தனை நிமிடம்? மூன்று பஸ்கள் 20 நிமிட இடைவெளியில் வருவதற்கும், மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டு ஒரு மணி நேரம் வராமல் இருப்பதற்கும் வேறுபாடு என்ன? இரண்டிலும் மணிக்கு மூன்று பஸ்கள்தானே! யார் அதிக நேரம் காத்திருப்பார்கள்? வகுப்பில் விவாதியுங்கள்.