எந்த இடத்துக்கு எந்தப் பலகை?

அலமாரி, மாடுலர் கிச்சன் என்று இறங்கும்போது மைக்காவின் நிறத்தை நாள் கணக்கில் தேடுகிறோம். உள்ளே போகும் பலகையைக் கடைக்காரர் சொல்லுக்கு விட்டுவிடுகிறோம். ஆனால் அலமாரியின் ஆயுள் அந்தப் பலகையில்தான் இருக்கிறது. ஈரம், எடை, நீளம் மூன்றையும் இடத்துக்கு இடம் பார்த்து வாங்கினால் போட்ட பணம் வீண் போகாது.

செய்ய வேண்டியவை

• ஈரத்தைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்யுங்கள். படுக்கையறை, ஹால் அலமாரிக்கு ஐஎஸ் 303 தரநிலையின் எம்ஆர் (ஈரம் தாங்கும்) ப்ளைவுட் போதும். கிச்சனுக்கு அதே 303-இல் பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) வகை வேண்டும். சிங்க்குக்கு அடியிலும் பாத்ரூம் சுவரை ஒட்டியும் ஐஎஸ் 710 மெரைன் போடுங்கள்.

• பலகையின் ஓரத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அடுக்குகள் சீராக, இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். பிறகு விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் பொள்ளலாகக் கேட்டால் உள்ளே கோர் கேப், அதாவது உள் அடுக்கில் இடைவெளி, இருக்கிறது. அங்கே ஸ்க்ரூ பிடிக்காது.

• சின்னத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொதிக்க வையுங்கள். மெரைன் பலகை 72 மணி நேரம் கொதிநீரைத் தாங்க வேண்டும் என்பது ஐஎஸ் 710 விதி. அவ்வளவு நேரம் வீட்டில் முடியாது. ஆனாலும் யூரியா பசையில் ஒட்டிய பலகையை மெரைன் என்று கொடுத்திருந்தால் சில மணி நேரத்திலேயே அடுக்கு அடுக்காகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

• பில்லில் தரம், ஐஎஸ் எண், தடிமன் மூன்றையும் எழுதி வாங்குங்கள். லோடு இறங்கியதும் தடிமனை அளந்து பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

• ஆறு, ஏழு அடி உயரக் கதவுக்கு பிளாக் போர்டு கேளுங்கள். உள்ளே மரச்சட்டங்கள் நீளவாக்கில் ஓடுவதால் ப்ளைவுட்டைவிட வளைவது குறைவு.

• குழந்தைகள் தூங்கும் அறைக்கு இ1 அல்லது இ0 என்று குறித்த பலகையை வாங்குங்கள். பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு அதில் குறைவு. வேலை முடிந்ததும் கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து அறையைக் காற்றாட விடுங்கள்.

செய்யக்கூடாதவை

• எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டைத் தண்ணீர் படும் இடத்தில் போடாதீர்கள். ஒருமுறை ஊறி உப்பினால் காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. பெயின்ட் அடிக்கும் கதவுக்கும் டிசைன் வெட்டவும் எம்டிஎஃப் அருமையான பொருள்; ஈரமில்லாத இடத்தில் தாராளமாகப் போடுங்கள்.

• மெரைன்தானே என்று வெட்டிய ஓரத்தைத் திறந்தே விடாதீர்கள். குழாய்க்குப் போட்ட ஓட்டை, கீல் குழி எல்லாவற்றின் வழியாகவும் ஈரம் இறங்கும். ஓரங்களுக்கு எட்ஜ் பேண்டு ஒட்டி, ஓட்டைகளை சீலன்ட் பூசி அடையுங்கள்.

• மைக்காவை ஒரு பக்கம் மட்டும் ஒட்டாதீர்கள். இரு பக்கமும் ஈரத்தை ஒரே அளவில் வாங்காததால் பலகை வளைந்துவிடும். வெளியே 1 மி.மீ., உள்ளே அதைவிட மெல்லிய லைனர் என்று ஒட்டலாம்.

• புத்தகத் தட்டை மூன்று அடி நீளத்துக்குத் தாங்கல் இல்லாமல் விடாதீர்கள். 18 மி.மீ. பலகையும் நாளாக நாளாகத் தொய்யும். நடுவில் ஒரு தடுப்பு கொடுங்கள். மர ரேகை நீளவாக்கில் வரும்படி வெட்டச் சொல்லுங்கள்.

• அலமாரியைத் தரையோடு தரையாக உட்கார வைக்காதீர்கள். வீடு கழுவும் தண்ணீரும் கரையானும் அடியிலிருந்துதான் ஏறும். நான்கு அங்குலக் கால் கொடுத்துத் தூக்குங்கள்.

• வாங்கிய பலகைகளைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். கட்டைகள் மேல் படுக்க வைத்து அடுக்கினால்தான் நேராக இருக்கும்.

• வீடு முழுவதற்கும் ஒரே தரத்தை வாங்காதீர்கள். எல்லாம் மெரைன் என்றால் காசு வீண். எல்லாம் எம்ஆர் என்றால் கிச்சன் வீண்.

பட்ஜெட் இடித்தால் மைக்காவிலும் கைப்பிடியிலும் குறையுங்கள். அவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பலகையை மாற்ற வேண்டுமென்றால் அலமாரியையே பிரிக்க வேண்டும்.