கோபுரமின்றிச் செல்லும் செய்தி: நகரும் வலையங்களில் வழி காணும் முறை

2020ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பிற்பகலில் அம்பன் புயல் வங்கக் கடலிலிருந்து சுந்தரவனத்தையொட்டிக் கரை கடந்தது. கொல்கத்தா நகரில் காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிற்று. ஆயிரக்கணக்கான மரங்கள் வேருடன் சாய்ந்தன. அவற்றுடன் மின்கம்பிகளும் தொலைத்தொடர்புக் கம்பிகளும் அறுந்தன. தென் கொல்கத்தாவிலுள்ள பாலிகஞ்ச் முதலிய பகுதிகளில் வீழ்ந்த மரங்களை அகற்றுவதற்கு இராணுவத்தின் உதவி நாடப்பட்டது. மின்சாரம் பல இடங்களில் நாட்கணக்காகத் திரும்பவில்லை. கைபேசிகள் மக்களிடம் இருந்தன. ஆயினும் பல பகுதிகளில் அவற்றால் பேச இயலவில்லை.

இதற்குரிய காரணம் கைபேசியில் இல்லை. அது சார்ந்திருக்கும் அமைப்பில் இருக்கிறது. எதிர் வீட்டிலிருப்பவருக்கு அனுப்பும் செய்தியும் முதலில் கோபுரத்தை அடைந்து, அங்கிருந்து இணைப்பு நிலையத்திற்குச் சென்று, பிறகே எதிர் வீட்டிற்குத் திரும்புகிறது. கோபுரத்திற்கு மின்சாரம் நின்றாலோ, அதனை இணைக்கும் கம்பி அறுந்தாலோ, அதனைச் சுற்றியுள்ள எல்லாக் கருவிகளும் ஒருங்கே ஊமையாகி விடுகின்றன. கோபுரம் இல்லாத வேளையில் கருவிகள் தாமே ஒன்றுக்கொன்று தூது செல்லுமாறு அமைக்க முடியுமா என்னும் கேள்வி இங்கே எழுகிறது. முடியும் என்பதே விஞ்ஞானிகள் கண்ட விடை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையைக் குறைக்கும் கலையே இக்கட்டுரையின் பொருள்.

நகரும் வலையம் என்பது யாது?

ஆங்கிலத்தில் ‘மொபைல் அட் ஹாக் நெட்வொர்க்’ என்று வழங்கும் இவ்வமைப்பில் தலைமை நிலையம் என்று ஒன்றில்லை. ஒவ்வொரு கருவியும் செய்தியை அனுப்புவதும் பெறுவதும் அன்றி, பிறருடைய செய்தியை வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கும் அஞ்சற்காரராகவும் பணிபுரிகிறது. செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவிச் செல்கிறது. இத்தகைய பொட்டல வானொலி பற்றிய ஆராய்ச்சி அமெரிக்க இராணுவத் தேவைக்காக 1970களின் தொடக்கத்திலேயே மேற்கொள்ளப்பட்டது. இணையத்தின் விதிமுறைகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பு 1997ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிக் குழு ஒன்றை நிறுவியது.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்கலாம். புயலுக்குப் பின் பாலிகஞ்சில் ஐந்து மீட்புக் குழுக்கள் வானொலிக் கருவிகளுடன் நிற்கின்றன என்று வைத்துக் கொள்வோம். முதலாவது குழு ரயில் நிலையத்திலும், இரண்டாவது கரியாஹாட் நாற்சந்தியிலும், மூன்றாவது பாலிகஞ்ச் பிளேஸிலும், நான்காவது பாலிகஞ்ச் ஃபாரியிலும், ஐந்தாவது பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையிலுள்ள விஞ்ஞானக் கல்லூரியிலும் உள்ளன. ரயில் நிலையத்தின் குரல் கரியாஹாட்டிற்கும் பிளேஸிற்கும் மட்டுமே எட்டும். அவ்விரண்டின் குரலும் ஃபாரிக்கு எட்டும். ஃபாரியின் குரலே கல்லூரியை எட்டும். ரயில் நிலையத்திலுள்ள குழு கல்லூரிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். எவ்வழியாக அனுப்புவது?

வரைபடத்தைப் பார்ப்பவருக்கு விடை எளிது. ஆனால் எந்தக் கருவியிடமும் வரைபடம் இல்லை. தன் குரல் எட்டும் அண்டை வீட்டாரை மட்டுமே ஒவ்வொன்றும் அறியும். அந்த அண்டை வீட்டாரும் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை.

பட்டியல் முறை

முதல் முறை, ஒவ்வொரு கருவியும் எல்லா இடங்களுக்கும் வழி காட்டும் பட்டியல் ஒன்றை எப்போதும் வைத்திருந்து, அதனைக் குறித்த கால இடைவெளியில் அண்டையாருக்கு அறிவித்து வருவதாகும். சார்லஸ் பெர்க்கின்ஸ், பிரவீண் பாக்வத் ஆகிய இருவரும் 1994ஆம் ஆண்டில் இம்முறையை நகரும் வலையத்திற்கு ஏற்பத் திருத்தி வெளியிட்டனர். வழி எப்போதும் ஆயத்தமாக இருப்பது இதன் சிறப்பு. ஆனால் செலவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 50 கருவிகள் உள்ள வலையத்தில் ஒவ்வொன்றும் 50 வரிகள் கொண்ட தன் முழுப் பட்டியலை ஒரு முறை அறிவித்தால், 2,500 வரிகள் காற்றில் செல்கின்றன. 100 கருவிகளானால் 10,000 வரிகள். கருவிகள் இரு மடங்காகும்போது செலவு நான்கு மடங்காகிறது. ஒருவரும் ஒரு சொல்லும் பேசாத நேரத்திலும் இச்செலவு குறைவதில்லை. புயலுக்குப் பின் மின்கலத்தை மறுபடி நிரப்ப வழியில்லாத நிலையில், இது சிறு குறையன்று.

தேவைக்கேற்பத் தேடும் முறை

இரண்டாவது முறை, செய்தி அனுப்ப வேண்டிய வேளையில் மட்டும் வழியைத் தேடுவதாகும். இவ்வகையில் புகழ்பெற்ற ஏ.ஓ.டி.வி. என்னும் விதிமுறை 2003ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், 3561 என்னும் எண்ணுள்ள இணைய ஆவணமாக, சோதனை நிலையில் வெளியிடப்பட்டது. அதனை வகுத்தவர்கள் சார்லஸ் பெர்க்கின்ஸ், எலிசபெத் பெல்டிங்-ராயர், சமீர் தாஸ் ஆகிய மூவர். அவர்களுள் சமீர் தாஸ் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். பாலிகஞ்ச் சந்திப்பிலிருந்து தெற்கே செல்லும் புறநகர் ரயிலில் இரண்டாவது நிலையம் ஜாதவ்பூர் என்பது குறிப்பிடத்தக்கது.

இம்முறை வேலை செய்யும் விதம் பின்வருமாறு. ரயில் நிலையத்துக் கருவி, “கல்லூரிக்கு வழி அறிந்தவர் உண்டோ?” என்னும் வினாவை வெளியிடுகிறது. அவ்வினாவின் மேல் கேட்டவரின் பெயரும் ஒரு வரிசை எண்ணும் இருக்கும். கரியாஹாட்டும் பிளேஸும் அதனைக் கேட்கின்றன. விடை அறியாமையால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை அவ்வினாவைத் திருப்பிச் சொல்கிறது. அதே வினா மறுபடி வந்தால், பெயரையும் எண்ணையும் கண்டு, அதனை ஒதுக்கி விடுகிறது. வினாவை முதலில் தன்னிடம் கொணர்ந்தவர் யார் என்பதை மட்டும் ஒவ்வொரு கருவியும் குறித்துக் கொள்கிறது. ஃபாரியிடம் கரியாஹாட்டின் குரல் முதலில் எட்டியதாகக் கொண்டால், ஃபாரி கரியாஹாட்டின் பெயரைக் குறித்துக் கொண்டு, வினாவைக் கல்லூரிக்குச் சேர்க்கும்.

கல்லூரி விடை அளிக்கிறது. இவ்விடை ஊரெங்கும் ஒலிக்க வேண்டியதில்லை. குறித்து வைத்த பெயர்களைப் பின்பற்றி, ஃபாரிக்கும், அங்கிருந்து கரியாஹாட்டிற்கும், பின்னர் ரயில் நிலையத்திற்கும் வந்து சேர்கிறது. விடை திரும்பும்போதே வழியும் அமைந்து விடுகிறது. முழு வழியையும் எவரும் மனத்திற்கொள்ள வேண்டியதில்லை. “கல்லூரிக்கானால் அடுத்தவர் இன்னார்” என்ற ஒரு வரி போதும். 50 கருவிகள் உள்ள வலையத்திலும் ஒரு தேடலுக்கு வினா ஏறக்குறைய 50 முறைக்கு மேல் ஒலிப்பதில்லை.

வினாவின் வீச்சையும் அடக்கி வைக்கலாம். இவ்விதிமுறையில் முதல் தேடல் ஒரு தாவல் தொலைவுடன் நிற்கும். விடை வராவிடில் 3 தாவல், பின் 5, பின் 7 என்று வட்டம் விரியும். அதற்கும் விடையில்லையெனில் மட்டுமே வலையம் முழுவதும், அதாவது 35 தாவல் வரை, வினா செல்லும். கல்லூரி 3 தாவல் தொலைவில் இருப்பதால் இரண்டாவது தேடலிலேயே அகப்பட்டு விடும்.

பழைய செய்தியின் அபாயம்

வழி தேடுவதில் மிகவும் நுட்பமான இடர் அறியாமையால் விளைவதன்று. பழைய அறிவை இன்றைய அறிவாகக் கொள்வதால் விளைவது. ஃபாரிக்கும் கல்லூரிக்கும் இடையே தொடர்பு அறுந்து விட்டது என்று கொள்வோம். ஃபாரி கரியாஹாட்டைக் கேட்கிறது. கரியாஹாட் தன் குறிப்பைப் பார்த்து, “கல்லூரி 2 தாவல் தொலைவில் உள்ளது” என்கிறது. அந்த 2 தாவல்களும் ஃபாரியின் வழியாகவே செல்பவை என்பதை ஃபாரி அறியாது. நம்பிச் செய்தியைக் கரியாஹாட்டிடம் கொடுத்தால், அது மீண்டும் ஃபாரியிடமே வரும். செக்குமாடு போலச் செய்தி சுற்றிக் கொண்டேயிருக்கும். தொலைவுக் கணக்கு 3, 4, 5 என்று முடிவின்றி ஏறும். வலையத்தின் ஆற்றல் வீணாகும்.

இதனைத் தடுப்பது ஓர் எளிய எண். ஒவ்வொரு இடத்திற்கும் அதனைப் பற்றிய செய்தியின் புதுமையைக் காட்டும் எண் ஒன்று உண்டு. கல்லூரியின் எண் 10 என்று அனைவரும் அறிந்திருக்கின்றனர். தொடர்பு அறுந்தவுடன் ஃபாரி அதனை 11 ஆக உயர்த்தி, “11 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணுள்ள வழி உண்டோ?” என்று வினவுகிறது. கரியாஹாட்டின் குறிப்பில் உள்ள எண் 10. ஆகவே அது விடை கூறும் தகுதியை இழக்கிறது. கல்லூரியோ, கல்லூரியுடன் புதிதாகத் தொடர்பு கொண்ட ஒருவரோ மட்டுமே விடை கூற இயலும். எண்கள் சமமாக இருப்பின் குறைந்த தாவலுள்ள வழி கொள்ளப்படும். அருகாமையைவிடப் புதுமைக்கே முதலிடம் என்பது இம்முறையின் உயிர்நாடி.

வழி அறுந்ததை அறிவதற்கும் ஏற்பாடு உண்டு. செயற்படும் வழியிலுள்ள கருவிகள் வினாடிக்கு ஒரு முறை தம் இருப்பை அறிவிக்கலாம். இரண்டு முறை குரல் கேட்கவில்லையெனில் அண்டையார் அகன்று விட்டார் என்று கொள்ளப்படும். அவ்வழியைப் பயன்படுத்துவோருக்கு அச்செய்தி உடனே அறிவிக்கப்படும். கரியாஹாட் குழு வேறிடம் சென்று விட்டால், ரயில் நிலையம் மறுபடி தேடிப் பாலிகஞ்ச் பிளேஸ் வழியாகச் செய்தியை அனுப்பும். பயன்படாத வழியின் குறிப்பு 3 வினாடிகளில் காலாவதியாகி விடும்.

எல்லைகள்

இம்முறையைக் களத்தில் கையாள்வோர் அதன் எல்லைகளையும் அறிதல் வேண்டும். முதலாவது, வேகம். 100 மீட்டர் எட்டும் கருவியுடன் ஒருவர் நடந்து அகன்றால் தொடர்பு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் நிற்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியிலிருந்தால் 10 வினாடிதான். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியளவே ஆதலால், மூன்று தாவல் வழியில் ஒருவர் விரைந்தாலும் முழு வழியும் அறும்.

இரண்டாவது, கொள்ளளவு. ஒரே அலைவரிசையில் அருகருகே உள்ள இருவர் ஒருங்கே பேசினால் இருவர் சொல்லும் விளங்காது. ஆகவே மூன்று தாவல்களில் ஒன்று பேசும்போது மற்றவை வாய்மூடி இருக்க வேண்டும். நேர்வழியில் கிடைக்கும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிட்டாது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பி.ஆர். குமார், பியூஷ் குப்தாவுடன் இணைந்து 2000ஆம் ஆண்டில் இதற்கொரு பொது விதியை நிறுவினார். பலரும் பல திசைகளிலும் செய்தி அனுப்பும் வலையத்தில், கருவிகள் நான்கு மடங்கானால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு பாதிக்கும் கீழே குறைகிறது. எவ்வளவு திறமையான வழிகாட்டும் முறையும் இவ்விதியை மீற இயலாது.

மூன்றாவது, நம்பிக்கை. தீய நோக்குடைய ஒரு கருவி, “என்னிடம் புத்தம் புதிய வழி உள்ளது” என்று பொய் கூறிச் செய்திகளை விழுங்கி விடலாம். கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் ஏற்பாடு இல்லாமல் இவ்வலையத்தில் இரகசியச் செய்திகளை அனுப்புவது தகாது.

இவற்றிலிருந்து களப்பணியாளர் கொள்ளத்தக்க விதிகள் தெளிவாகின்றன. நகரும் குழுக்களுக்கு இடையே மாடி உச்சிகளில் சில நிலையான கருவிகளை வைத்தல் வேண்டும். அசைபடங்களைத் தவிர்த்துக் குறுஞ்செய்திகளையே அனுப்புதல் வேண்டும். மின்கலம் குன்றிய கருவியை எல்லா வழிகளும் கூடும் நடுவிடத்தில் வைத்தல் ஆகாது. பாலிகஞ்ச் எடுத்துக்காட்டில் ஃபாரிக் குழு ஒன்று ஓய்ந்தால் கல்லூரி முழுதும் தனித்து விடும். அத்தகைய இடத்தில் இரண்டாவது கருவி ஒன்று இருத்தல் இன்றியமையாதது.

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர்கள் இதனைச் செலவின்றிச் செய்து காட்டலாம். பன்னிரண்டு மாணவரை விளையாட்டுத் திடலில் பரவலாக நிறுத்தி, இரண்டு மூன்று எட்டில் உள்ளவருடன் மட்டுமே பேசலாம் என்று விதிக்க வேண்டும். ஒரு மூலையிலுள்ள மாணவர் எண்ணிட்ட வினாச் சீட்டை அண்டையாருக்குக் கொடுப்பார். ஒவ்வொருவரும் சீட்டை முதலில் தந்தவர் பெயரைக் குறித்துக் கொண்டு, படியெடுத்து ஒரு முறை மட்டும் பரப்புவர். எதிர் மூலையிலிருந்து விடை அப்பெயர்களின் வழியே திரும்பும். மொத்தம் எத்தனை சீட்டுகள் செலவாயின என்று எண்ணுதல் வேண்டும். பின்னர் நடுவிலுள்ள ஒருவரை அப்புறப்படுத்தி மீண்டும் தேடச் செய்தல் வேண்டும். இறுதியாக, புதுமை எண்ணை நீக்கி விட்டு விளையாடினால், பழைய குறிப்பை நம்பிச் சீட்டு இருவருக்கிடையே சுற்றுவதை மாணவர் தாமே காண்பர்.

வீடுகளிலும் தொழிற்சாலைகளிலும் உள்ள சிறு உணர்கருவிகளை இணைக்கும் ஜிக்பீ வலையங்களும், 2011ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட கண்ணி வகை வைஃபை வலையங்களும் ஏ.ஓ.டி.வி. முறையை அடியொற்றியே வழி காண்கின்றன. இவை கோபுரத்திற்கு முற்றிலும் மாற்றாகி விடமாட்டா. எனினும் கோபுரம் வீழ்ந்து மீண்டும் எழும் வரையுள்ள இடைவேளையில், “இங்கே மருந்து தேவை”, “இச்சாலை அடைபட்டுள்ளது” என்னும் ஒரு வரிச் செய்தி உரிய இடத்தை அடையுமாயின், அதுவே பெரும் பயன். அதற்கு வேண்டியவை மூன்று: தேவைப்படும்போது மட்டும் கேட்டல், தேவையான அளவே நினைவிற்கொள்ளல், பழையதையும் புதியதையும் பிரித்தறிதல்.